பழைய பிராண்டட் கம்ப்யூட்டர் கேபினட்டுக்குள் சாதாரண மதர்போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் பொருத்த முடியுமா?

முடியும். ஆனால் மதர்போர்டை இன்னும் வாங்கவில்லை என்றால் தயவுசெய்து வாங்காதீர்கள். முதலில் கேபினட்டைத் திறந்து, கையில் ஒரு ஸ்டீல் ஸ்கேல் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: அலுவலகத்தில் கழித்துவிட்ட ஒரு கம்பெனி டவர் கிடைத்திருக்கிறது, உள்ளே போர்டு செத்துவிட்டது, கேபினட் மட்டும் கல் மாதிரி இருக்கிறது. கடையில் விற்கும் சாதாரண மதர்போர்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் (கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்ற வோல்ட்டாக மாற்றித் தரும் டப்பா) அதில் போட்டு ஓட்ட முடியுமா, எங்கெல்லாம் வெட்ட வேண்டிவரும்? நான் இந்த வேலையை இரண்டு முறை செய்திருக்கிறேன். ஒன்று உங்களுடையதைப் போன்ற அலுவலக டவர். இன்னொன்று பவர் மேக் ஜி5. கஷ்டமான ஜி5-ஐ முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் கற்றுக்கொண்டதைத்தான் டவரில் செய்தேன்.

ஜி5, ஆப்பிள் 2003 ஜூனில் அறிமுகப்படுத்திய அலுமினியப் பெட்டி. 51.1 செ.மீ. உயரம், 20.6 செ.மீ. அகலம், 47.5 செ.மீ. ஆழம், மேலும் கீழும் கைப்பிடி, முன்னும் பின்னும் சல்லடைத் துளை. என் மாமா சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தின் டிசைன் பிரிவில் இருந்தார். பல வருடம் காலண்டர் வேலையெல்லாம் அந்தப் பெட்டியில்தான் நடந்தது. பிறகு ஆப்பிள் இன்டெல் ப்ராசசருக்கு மாறியது. 2007-இல் வந்த லெப்பர்டுதான் ஜி5-இன் பவர்பிசி ப்ராசசரில் ஓடிய கடைசி மேக் ஓஎஸ். புதிய சாஃப்ட்வேர் எதுவும் ஏறாமல் போக, பெட்டி மூலைக்குப் போனது. “எடைக்குப் போட மனசு வரல மாப்ள, நீ கொண்டு போ” என்றார் மாமா. எனக்கும் அதைப் பார்த்ததும் அப்படித்தான் இருந்தது. அந்த மாதிரி உலோக வேலைப்பாட்டை இன்றைய சாதாரண கேபினட்டில் நான் பார்த்ததில்லை.

உள்ளே இருந்ததையெல்லாம் கழற்றியதும் சிக்கல் தெரிந்தது. ஆப்பிள் போர்டுக்கான ஸ்டட்கள், அதாவது போர்டை உட்காரவைக்கும் சின்னச் சின்னக் கால்கள், அந்த போர்டின் துளைகளுக்கு மட்டும் பொருந்துகிற இடங்களில் இருந்தன. நான் போட நினைத்தது மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு, அதாவது கடையில் விற்கும் போர்டு, கேபினட்டுகளுக்கான ஏடிஎக்ஸ் என்ற பொது அளவில் சின்ன வகை, 244 மி.மீ. சதுரம். பழைய கால்களைக் கட்டிங் பிளேயரால் முறுக்கி எடுத்தேன். டேப்பால் அளந்து, புதிய கால்களை அரால்டைட் வைத்து ஒட்டினேன். மறுநாள் போர்டு அழகாக உட்கார்ந்தது. கிராபிக்ஸ் கார்டைச் சொருகினேன். அதன் தகடு பின்பக்க ஓட்டைக்கு 2 மி.மீ. தள்ளி நின்றது. கார்டை அழுத்தினால் ஸ்லாட் வளைகிறது. எல்லாக் கால்களையும் பெயர்த்து எடுத்தேன்.

நான் தவறியது அளவில் மட்டும் இல்லை. போர்டின் கால்கள், பின்னால் யூஎஸ்பி, லேன் எல்லாம் வெளியே வரும் செவ்வக ஓட்டை, கார்டுகள் நிற்கும் ஸ்லாட் வரிசை ஆகிய மூன்றும் ஒரே வரைபடத்தில் பிறந்தவை. ஏடிஎக்ஸ் கணக்கில் அந்தச் செவ்வகம் 158.75 மி.மீ.க்கு 44.45 மி.மீ. ஸ்லாட்டுக்கு ஸ்லாட் இடைவெளி 20.32 மி.மீ. இவற்றில் ஒன்றை மட்டும் தனியாக அளந்து வைத்தால் மற்ற இரண்டும் நகர்ந்துவிடும். டேப்பை வைத்துக்கொண்டு வீட்டில் இந்த மூன்றையும் சேர்த்துப் பிடிப்பது ரொம்பச் சிரமம்.

அதனால் ஜி5-இல் இரண்டாவது முயற்சியில் அளக்கவே இல்லை. பழைய இரும்புக் கடையில் துருப்பிடித்த ஒரு சாதாரண ஏடிஎக்ஸ் கேபினட்டை எடைக்கு வாங்கினேன். அதில் மதர்போர்டு மாட்டும் தகட்டையும், பின்பக்கத்தில் செவ்வக ஓட்டையும் ஸ்லாட்டுகளும் உள்ள பகுதியையும் பிரிக்காமல் ஒரே துண்டாக வெட்டி எடுத்தேன். ரிவெட்டின் தலையை 3.2 மி.மீ. ட்ரில் பிட்டால் துளைத்தால் கையோடு வந்துவிடும். கம்பெனிக்காரன் ஏற்கெனவே சரியாக அளந்து வைத்த மூன்றும் அந்தத் துண்டில் அப்படியே இருக்கின்றன. அதை ஜி5-க்குள் இறக்கி ரிவெட் அடித்தால் போதும். வெட்டி மாற்றும் வேலை எதுவாக இருந்தாலும் நான் சிபாரிசு செய்வது இந்த ஒரு வழியைத்தான். போர்டை வாங்கும் முன் இரும்புக் கடைக்குப் போங்கள்.

அந்தத் துண்டு வெளியே எட்டிப் பார்க்க ஜி5-இன் முதுகில் ஒரு பெரிய சன்னல் வெட்ட வேண்டியிருந்தது. கிரைண்டரை எடுத்தபோது, பக்கத்து லேத் பட்டறை அண்ணன் தடுத்துவிட்டார். “அலுமினியத்துக்கு அது வேண்டாம் தம்பி, சக்கரத்துல அப்பிக்கும்” என்றார். ஜிக்ஸாவில் உலோக பிளேடு மாட்டி, கோட்டின் மேல் துளித்துளியாக மண்ணெண்ணெய் விட்டுக்கொண்டே அறுத்தார். வெண்ணெய் மாதிரி போனது. இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டியிருந்ததால் வெளிப்பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. வெட்டி முடித்ததும் வெறும் பெட்டியைச் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி, ஒரு நாள் வெயிலில் காயவைத்தேன். இந்தப் படியைத் தாண்டாதீர்கள். உலோகத்தூள் மின்சாரம் கடத்தும். ஒரு பிசிறு போர்டின் அடியில் போனாலும் ஷார்ட் ஆகும்.

எஸ்எம்பிஎஸ் விஷயம். ஜி5-இல் அது அடித்தளம் முழுக்க நீட்டிப் படுத்திருக்கும். சிலர் அந்தப் பழைய டப்பாவைத் திறந்து உள்ளிருப்பதைத் தூக்கிவிட்டு, புதிய எஸ்எம்பிஎஸ்ஸின் உள்பாகங்களை அதில் வைக்கிறார்கள். பார்க்க நேர்த்தியாக இருக்கும், ஆனால் செய்யாதீர்கள். நம் வீட்டு 230 வோல்ட் உள்ளே போய் நேர்மின்சாரமாகும்போது பெரிய கெபாசிட்டரில் 325 வோல்ட் வரை நிற்கும். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். நான் எஸ்எஃப்எக்ஸ் என்ற சிறிய அளவில் ஒன்று வாங்கினேன். 125 மி.மீ. அகலம், 63.5 மி.மீ. உயரம், 100 மி.மீ. நீளம்தான். அதைத் திறக்காமல் அப்படியே அடியில் பின்பக்கமாக வைத்துத் திருகிவிட்டேன்.

இனி உங்கள் அலுவலக டவர். வெட்டு வேலை இதில் அநேகமாகக் குறைவு. ஆனால் ‘பொருந்துகிறதே, அப்போது சரிதான்’ என்று நம்பவைத்து ஏமாற்றும் இடங்கள் அதிகம். மூடியைத் திறந்ததும் நான்கு இடங்களைப் பாருங்கள்.

மூடி எந்தப் பக்கம் திறக்கிறது? நேர் எதிரே நின்று பார்க்கும்போது உங்கள் இடது கைப்பக்க மூடி திறந்தால் சாதாரண ஏடிஎக்ஸ் திசை. வலது பக்கம் திறந்தால் பெரும்பாலும் பிடிஎக்ஸ். இன்டெல் 2003-இல் அறிவித்து 2006-இல் கைவிட்ட வடிவம் அது. ஏடிஎக்ஸைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி எல்லாம் மாறி இருக்கும். டெல் ஆப்டிப்ளெக்ஸ் ஜிஎக்ஸ்280-இல் தொடங்கிச் சில வருட டவர்கள் இந்த வகை. அப்படியென்றால் மேலே சொன்ன இரும்புக்கடை வழிதான். இல்லாவிட்டால் அந்தக் கேபினட்டை விட்டுவிடுவது நல்லது.

பின்பக்கச் செவ்வகத்தில் தனியாகக் கழன்று வரும் தகடு இருக்கிறதா, இல்லை கேபினட் தகட்டிலேயே ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஓட்டை குத்தியிருக்கிறதா? தனித் தகடு என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். குத்தியிருந்தால் அந்தச் செவ்வகத்தை முழுதாக அறுத்து எடுக்க வேண்டும். மறக்காமல் புது போர்டோடு வரும் தகடு உட்காரும் 158.75 அளவைக் கோடு போட்டுக்கொண்டு அறுங்கள்.

மதர்போர்டு மாட்டும் தகட்டில் கூடுதல் கால்கள் இருக்கின்றனவா? சில கம்பெனி டவர்களில் ப்ராசசர் ஹீட்சிங்கின் ஸ்க்ரூ போர்டைத் தாண்டி நேராக கேபினட்டில் இறங்கும். அதற்கென்று நான்கு கால்கள் தனியாக நிற்கும். உங்கள் புது போர்டில் அந்த இடத்தில் துளை இருக்காது. அந்த உலோகக் கால் போர்டின் அடியில் உள்ள சால்டரைத் தொட்டால் முடிந்தது. நான் பழைய காலண்டர் தாள் ஒன்றில் போர்டின் துளைகளைக் குத்திக் குறித்து, அதைத் தகட்டின் மேல் விரித்துப் பார்த்தேன். துளை விழாத இடத்தில் ஒரு கால் நின்றிருந்தது, எடுத்துவிட்டேன். இதற்கு ஐந்து நிமிடம்தான் ஆகும்.

நான்காவது, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து போர்டுக்கு வரும் பெரிய கனெக்டர். எண்ணிப் பாருங்கள். 24 முனை இல்லாமல் 6 அல்லது 8 முனை மட்டும் இருந்தால் அது 12 வோல்ட் மட்டும் தருகிற கம்பெனி வகை. சாதாரண போர்டுக்கு 3.3, 5 வோல்ட்டும் தேவை. கடையில் விற்கும் அடாப்டர் வயர்கள் எதிர்த்திசைக்கானவை. கம்பெனி போர்டுக்கு சாதாரண எஸ்எம்பிஎஸ் கொடுக்கத்தான் அவை. பழைய எஸ்எம்பிஎஸ்ஸை வைத்தே ஒப்பேற்றலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். கேபினட் ரொம்பப் பழையதாக இருந்தால் இன்னும் ஒரு எச்சரிக்கை. 1990களின் கடைசியில் வந்த பல டெல் கணினிகளில் கனெக்டர் அச்சு அசலாக 20 முனை ஏடிஎக்ஸ் போலவே இருக்கும், ஆனால் வயர் வரிசை வேறு. சொருகினால் சுகமாக ஏறும். ஸ்விட்சைப் போட்டால் போர்டு அல்லது எஸ்எம்பிஎஸ் போய்விடும். எது ஏறுகிறது என்று பார்த்து முடிவு செய்யாமல், மல்டிமீட்டர் வைத்து எந்த முனையில் என்ன வோல்ட் வருகிறது என்று பார்த்து முடிவு செய்யும் பழக்கம் எனக்கு இதைப் படித்த பிறகுதான் வந்தது. புது எஸ்எம்பிஎஸ் வாங்குமுன் பழையதன் நீள அகலத்தை அளந்துகொள்ளுங்கள். சாதாரண ஏடிஎக்ஸ் என்றால் 150 மி.மீ. அகலம், 86 மி.மீ. உயரம்.

முன்பக்க பவர் பட்டன் பலரைப் பயமுறுத்துகிறது, உண்மையில் இதுதான் எளிது. கம்பெனிக் கேபினட்டில் எல்லா வயரும் ஒரே கனெக்டரில் சேர்ந்து வரும், உங்கள் போர்டில் அது உட்காராது. மல்டிமீட்டரைப் பீப் சத்தத்தில் வைத்து, பட்டனை அழுத்தும்போது மட்டும் எந்த இரண்டு முனை பீப் அடிக்கிறது என்று தேடுங்கள். அதுதான் பவர் ஸ்விட்ச். அந்த இரண்டு வயரையும் ஊசியால் கனெக்டரிலிருந்து நெம்பி எடுத்து, அர்டுயினோ வேலைக்கு விற்கும் ஜம்பர் வயரோடு சால்டர் செய்து, போர்டில் முன்பக்க பட்டன், விளக்குகளுக்கான முனை வரிசையில் 6, 8 முனைகளில் மாட்டுங்கள். பவர் விளக்கு 2, 4. ஹார்டு டிஸ்க் விளக்கு 1, 3. ரீசெட் 5, 7. ஸ்விட்சுக்கு பிளஸ், மைனஸ் கிடையாது. விளக்கு எரியாவிட்டால் இரண்டையும் மாற்றிப் போட்டால் போதும்.

யூஎஸ்பி வயரில் மட்டும் அவசரம் காட்டாதீர்கள். ஜி5-இன் முகப்பில், யூஎஸ்பி மாதிரியே இன்னொரு பழைய இணைப்பான ஃபயர்வயர் போர்ட்டும் ஒன்று உண்டு. அதை அப்படியே செயலிழக்க விட்டுவிட்டேன். பழைய போர்டுகளில் ஃபயர்வயர் வயர் மாட்டும் முனை வரிசையும் யூஎஸ்பி வயர் மாட்டும் முனை வரிசையும் ஒரே உருவம்தான். ஆனால் ஃபயர்வயரில் 12 வோல்ட் வரும், யூஎஸ்பிக்கு 5 வோல்ட். இடம் மாறினால் பென்டிரைவ் கருகும். உங்கள் டவரில் எந்த வயர் 5 வோல்ட், எது கிரவுண்டு என்று சந்தேகமில்லாமல் தெரியாவிட்டால், முன்பக்க யூஎஸ்பி இல்லாமலே இருக்கட்டும்.

கடைசியாக எர்த். ஜி5-இல் நான் இதைத் தவறவிட இருந்தேன். அலுமினியத்தின் மேல் ஆனடைஸ் பூச்சு உண்டு. பளபளப்பாக இருந்தாலும் அந்தப் பூச்சு மின்சாரம் கடத்தாது. பூச்சின் மேல் உட்கார்ந்த ரிவெட், ஸ்க்ரூ என்று எல்லாம் இருந்தும், பெட்டி எர்த்தோடு சேராமலே இருக்கலாம். ஒவ்வொரு ரிவெட் இடத்திலும் உப்புத்தாளால் தேய்த்து வெள்ளை உலோகம் தெரிந்த பிறகே ரிவெட் அடித்தேன். எஸ்எம்பிஎஸ்ஸின் உடலிலிருந்து கேபினட்டுக்குத் தனியாக ஒரு பச்சை வயரும் திருகினேன். அலுவலக டவரின் இரும்புத் தகட்டில் பெயின்ட் அடித்திருந்தாலும் இதே வேலைதான்.

எல்லாம் முடிந்தாலும் மூடியைப் போடாதீர்கள். ஒயரைச் சுவர் ப்ளக்கில் மாட்டாமல், அதன் எர்த் முனைக்கும் கேபினட்டின் பெயின்ட் இல்லாத ஒரு ஸ்க்ரூவுக்கும் மல்டிமீட்டர் வையுங்கள். பீப் அடிக்க வேண்டும். பீப் அடித்தும் ஓடும்போது கை வைத்தால் குறுகுறுவென்று இருந்தால், உங்கள் வீட்டுப் ப்ளக் பாயின்ட்டில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டி கெபாசிட்டர்கள் வழியே 115 வோல்ட் அளவுக்குக் கசிந்து நிற்பதுதான் அந்தக் குறுகுறுப்பு. மின்சாரம் மிகச் சிறிது என்றாலும், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்த பிறகே கம்ப்யூட்டரை ஓட்டுங்கள்.

உங்கள் டவரின் பின்பக்கம், உள்பக்கம், எஸ்எம்பிஎஸ் கனெக்டர் மூன்றையும் போட்டோ எடுத்து இந்தப் பதிலின் கீழே போடுங்கள். எந்த அளவு போர்டு போகும் என்று பார்த்துச் சொல்கிறேன்.