மேன்ஷன் அறையில் ஏது செங்கல் சுவர்?

மதிப்பிற்குரிய ஐயா,

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். வயது 36. ஆறு அங்குல ஆக்‌ஷன் பொம்மைகள் சேர்ப்பது என் பழக்கம். இரண்டு வருடமாக அவற்றுக்கு 1:12 அளவில், அதாவது நிஜத்தில் பன்னிரண்டில் ஒரு பங்காக, அறைகள் கட்டிப் படம் எடுத்து வருகிறேன். இப்போது கட்டியிருப்பது திருவல்லிக்கேணி மேன்ஷன் அறை. வேலை தேடிச் சென்னைக்கு வந்த ஸ்பைடர்மேன் அங்கே தங்கியிருப்பதாகக் கற்பனை. நான்கு படங்களை இணைத்திருக்கிறேன். எவ்வளவு முயன்றாலும் பெட்டிக்குள் பொம்மையை வைத்து எடுத்த படமாகவே தெரிகிறது. சின்னப் பொருளை நெருங்கிப் படமெடுக்க உதவும் மேக்ரோ லென்ஸ் வாங்கினால் சரியாகுமா? அல்லது 1:6 அளவுக்கு மாறிவிடலாமா? இதையெல்லாம் கலை என்று சொல்லலாமா என்ற சந்தேகமும் உண்டு. “இந்த வயதில் பொம்மை விளையாட்டா?” என்று என் மைத்துனர் எல்லார் முன்னாலும் கேட்கிறார். கொலுவைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்த துணிச்சலில் இதை எழுதுகிறேன்.

கே., ஓசூர்

அன்புள்ள கே.,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் பரண்மேல் இருந்தேன். பழைய பிஸ்கட் டின் ஒன்றைத் திறந்தால், மல்வேட்டிக் கிழிசலில் சுற்றிய செப்புச் சாமான்கள். கட்டைவிரல் நகத்தளவு ஒரு வாணலி, அதற்கேற்ற கரண்டி. அதைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் ஏணியிலேயே உட்கார்ந்திருந்தேன். இறங்கி வந்து கைபேசியைத் திறந்தால் உங்கள் ஸ்பைடர்மேன். ஆகவே இந்தப் பதில் கொஞ்சம் நீளும். கேட்டதற்கெல்லாம் பதில் இருக்கும் என்றும் உறுதி சொல்ல முடியாது.

சின்ன விஷயங்களை முதலில் ஒதுக்கிவிடுகிறேன்.

மைத்துனர் கேட்கட்டும். மைத்துனர்கள் அதற்குத்தான் இருக்கிறார்கள். பிரான்சஸ் கிளெஸ்னர் லீ என்ற அமெரிக்கப் பெண்மணி 1940களில், அறுபதைக் கடந்த வயதில், நீங்கள் கட்டும் இதே 1:12 அளவில் அறைகள் கட்டினார். எல்லாம் சாவு விழுந்த அறைகள். கொலையா, தற்கொலையா, விபத்தா என்று பார்த்துச் சொல்லப் போலீஸ்காரர்களைப் பழக்குவதற்காகக் கட்டியவை. ஹார்வர்டில் நடந்த வகுப்புகளில், மீசை நரைத்த துப்பறிவாளர்கள் டார்ச் விளக்கை அடித்துக்கொண்டு அந்தப் பொம்மை வீடுகளுக்குள் எட்டிப் பார்த்தார்கள். பதினெட்டு அறைகள் இன்றும் பால்டிமோரில், மாநிலத்தின் பிணக்கூறாய்வு அலுவலகத்தில் இருக்கின்றன. பொம்மைக்குரிய காலுறையை அந்த அம்மாள் குண்டூசிகளைக் கொண்டு பின்னினார். “இந்த வயதில் பொம்மையா?” என்று எந்த அதிகாரியும் கேட்டிருக்க மாட்டார் என்று நம்புகிறேன். ஏனென்றால் அந்த அம்மாளே நியூ ஹாம்ப்ஷயர் மாநிலக் காவல்துறையில் கேப்டன்.

கலையா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்டு நீங்களும் நானும் என்ன செய்யப் போகிறோம்?

1:6 வேண்டாம். பொம்மை இரட்டிப்பாகும், அறை எட்டு மடங்கு இடத்தை அடைக்கும். கடைசியில் வீட்டைவிட்டு நீங்கள்தான் வெளியேற வேண்டியிருக்கும்.

லென்ஸும் வேண்டாம். கையிலிருக்கும் போன் போதும். பெரிய கேமராவில் மேக்ரோ லென்ஸ் மாட்டி நெருங்க நெருங்க, தெளிவாக விழும் ஆழம் சுருங்கிக்கொண்டே வரும். மூக்கு தெளிவாக இருந்தால் காது மங்கும். நிஜ அறையில் நிற்கும் ஆளைப் பார்க்கும்போது பின்சுவர் அப்படிக் கரைந்துபோவதில்லை. அந்த மங்கல்தான் “நான் சின்னது” என்று காட்டிக்கொடுக்கிறது. போனின் சென்சார் சிறியது என்பதால் முன்னும் பின்னும் ஓரளவு சேர்ந்தே தெளியும். போனைத் தலைகீழாகப் பிடியுங்கள், லென்ஸ் தரையை ஒட்டி வரும். உங்கள் பொம்மையின் கண் தரையிலிருந்து ஐந்தரை அங்குலத்தில் இருக்கிறது. உங்கள் நான்கு படங்களில் மூன்று, மச்சிலிருந்து எட்டிப் பார்ப்பவன் எடுத்த மாதிரி இருக்கின்றன. அப்புறம், அந்த டியூப்லைட்டை அணைத்துத் தொலையுங்கள். மேஜை விளக்கு ஒன்றை ஜன்னலுக்கு வெளியே நாலடி தள்ளி வைத்தால் வெயில். விளக்குக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு பட்டர் பேப்பரைப் பெரிதாகத் தொங்கவிட்டால் மேகமூட்டம். இவ்வளவுதான் தொழில்நுட்பம்.

இனி அந்தச் சுவர்.

மேன்ஷன் அறையில் ஏது ஐயா செங்கல் சுவர்? படத்தைத் திறந்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. தெர்மாகோல் பலகையில் பென்சிலால் கீறி, கறுப்பு மையை நீர்க்கக் கரைத்து இடுக்குகளில் இறக்கி, காய்ந்த தூரிகையால் விளிம்புகளை வெளுக்கவைத்து, ஒவ்வொரு கல்லும் முக்கால் அங்குல நீளம், கால் அங்குல உயரம் பிசகாமல் செய்திருக்கிறீர்கள். வெர்னியர் வைத்து அளந்திருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். வேலையில் குறையே இல்லை. ஆனால் அது நியூயார்க்கில் பழைய கிடங்கை வீடாக்கிக் குடியிருப்பவர்களின் சுவர். இணையத்தில் பாடம் எடுக்கிறவர்கள் செங்கல் கீறச் சொல்லிக்கொடுத்தார்கள், நீங்கள் கற்றுக்கொண்டீர்கள், கற்றுக்கொண்ட வித்தைக்கு ஒரு சுவர் தேவைப்பட்டது, கட்டிவிட்டீர்கள். அறைக்காக வித்தையைத் தேடவில்லை. வித்தைக்காக அறையை வளைத்திருக்கிறீர்கள். இந்தத் தவற்றை எழுதுகிறவர்களும் செய்வோம். எனக்குத் தெரிந்த ஒரே காரணத்துக்காக என் முதல் நாவலில் நாற்பது பக்கத்துக்கு நாற்று நட்டேன்.

1984இல் தொடங்கி மூன்றரை வருடம் அப்படியோர் அறையில் நானும் இருந்தேன். பத்துக்குப் பத்து, மூன்று பேர். சுவரில் இடுப்பு உயரம்வரை இலைப்பச்சை எண்ணெய்ப் பெயின்ட், அதற்குமேல் மஞ்சளித்துப்போன சுண்ணாம்பு. இரண்டும் சேரும் இடத்தில் ஒரு கறுப்புக் கோடு, அதுவும் கை நடுங்கிப் போட்ட கோடு. கட்டிலை ஒட்டித் தலை சாயும் உயரத்தில் தேங்காய் எண்ணெய் பிறை வடிவத்தில் ஊறியிருக்கும். மூன்று கட்டில், மூன்று பிறை. எந்தப் பிறை யாருடையது என்று இருட்டில்கூடச் சொல்வோம். சுவிட்சைச் சுற்றி விரல் கறுப்பு. குறுக்கே ஒரு கொடி, ஈர லுங்கியின் பாரத்தில் நடுவில் தொய்ந்திருக்கும். கொசுவர்த்திச் சுருளின் சாம்பல் சுருளாகவே தரையில் கிடக்கும். அடுத்தவன் கூட்டுவான் என்று மூவருமே விட்டுவிடுவோம். பக்கெட்டுக்குள் குவளை, குவளைக்குள் சோப்பு. உங்கள் அறையில் கட்டில் நட்ட நடுவில், பெண் பார்க்க வந்தவர்களுக்குப் போட்ட நாற்காலியைப் போல நேராக நிற்கிறது. கொடியே இல்லை. போர்வை அப்பளம் போல விறைத்திருக்கிறது. இவ்வளவு சின்னத் துணிக்குத் தன் எடையால் மடிந்து விழத் தெரியாது. தண்ணீரில் கரைத்த ஃபெவிகாலில் நனைத்து, ஈரமாக இருக்கும்போதே மடிப்புகளை விரலால் விழவைத்துக் காயவையுங்கள். தூசு என்று தரையில் மணல் தூவியிருக்கிறீர்கள். ஒரு மில்லிமீட்டர் மணல் அந்த அறையில் பன்னிரண்டு மில்லிமீட்டர் ஜல்லி. வேலை தேடி வந்தவன் அறையில் ஜல்லி எதற்கு? விபூதியை மல் துணியில் சலித்துத் தூவுங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு ஆறாதது ஒன்று. அங்கே குடியிருப்பவன் சுவரில் ஏறுகிறவன். அவன் ஒரு மாதம் தங்கிய அறையில் சுவர் முழுக்கக் கை கால் தடம் இருக்க வேண்டாமா? கூரை வரைக்கும் போய்த் திரும்பிய பாதத் தடங்கள்! மேனேஜர் வாடகையோடு சேர்த்துச் சுண்ணாம்பு அடிக்கவும் பணம் கேட்டிருப்பார். உங்கள் கதையிலேயே இருந்த நல்ல விஷயத்தைச் செங்கல் போட்டு மூடிவிட்டீர்கள்.

நியூயார்க் மாநிலத்தில் மார்க் ஹோகன்கேம்ப் என்று ஒருவர். 2000ஆம் ஆண்டில் ஐந்து பேர் சேர்ந்து அடித்ததில் அவர் நினைவே சிதைந்துபோனது. தேறி வந்தபின் வீட்டை ஒட்டிய இடத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பெல்ஜிய ஊர் ஒன்றை 1:6 அளவில் கட்டிப் படம் எடுக்க ஆரம்பித்தார். அவர் சாலையில் நடந்து போகும்போது பொம்மை ஜீப்பைக் கூடவே இழுத்துக்கொண்டு போவார், டயர் தேய வேண்டும் என்பதற்காக. தேய்மானத்தைப் பெயின்டில் வரைந்துவிடலாம். அவர் நடந்தார்.

அறை கட்டுகிறவருக்கு அங்கிருந்து இப்போதுதான் எழுந்து போனது யார் என்று தெரிந்திருக்க வேண்டும், கே. அதைப் படத்தில் காட்ட வேண்டியதில்லை. தெரிந்திருந்தால் போதும், கை தானாக அதன்படி வேலை செய்யும். இதை எனக்குக் காட்டியவள் என் பெரிய அத்தை.

மாயவரத்தில் எங்கள் வீட்டுக் கொலுவில் பூங்கா வைப்பது அவள் பொறுப்பு. வெற்றிலை பாக்கு வாங்க வரும் பெண்கள் முன்னால் அவள் வர மாட்டாள். தாலி அறுத்தவள் வரக் கூடாது என்பது அந்த வீட்டின் நியாயம். ஆனால் கூடம் முழுக்க அவள் கைவேலைதான் இருக்கும். ஒரு வாரம் முன்பே தாம்பாளத்து மணலில் கேழ்வரகும் கடுகும் விதைத்துப் புல் வளர்ப்பாள். உடைந்த கண்ணாடியின் ஓரங்களை மண்ணால் மறைத்துக் குளமாக்குவாள். கொலுவில் அளவு என்று ஒன்று கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். செட்டியாரின் தொப்பைக்குள் பஸ்ஸே நுழையும். அத்தை பெரியதை முன்னால் வைத்து, சின்னதைத் தூரத்துக்குத் தள்ளிவிடுவாள், சண்டை தீர்ந்துவிடும்.

1967இல், எனக்கு ஏழு வயது, அவள் பூங்காவோடு ஒரு சாதிக்காய்ப் பெட்டியையும் கொண்டுவந்து கடைசிப் படியின் ஓரத்தில், வெளிச்சம் அதிகம் படாத இடத்தில் படுக்கவைத்தாள். உள்ளே ஓர் அடுக்களை. களிமண்ணில் கொடியடுப்பு. ஆற்றுக்கல்லை வாசற்படியில் உரசி உரசிச் செய்த அம்மி. மேலே உறி. நான் பரணில் கண்டெடுத்த வாணலி. சுவருக்குச் சுண்ணாம்பு பூசி, எரியும் சிம்னி விளக்கைப் பெட்டிக்குள் பிடித்து, அடுப்புக்கு நேர்மேலே மட்டும் கரி படியவிட்டிருந்தாள். கதவோரச் சுவரில் பால் கணக்கு, நாளைக்கு ஒரு கரிக்கோடு. எண்ணினேன், பதினேழு. தரையில் ஒரு மணை போட்டு, முன்னால் இலைத் துணுக்கு. இன்னொரு மணை சுவரில் சாய்ந்திருந்தது. பொம்மை ஒன்றுகூடக் கிடையாது.

எல்லாரும் குனிந்து பார்த்து “அழகு” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் குப்புறப் படுத்து, மோவாயைச் சிமென்டுத் தரையில் வைத்து, இடது கண்ணை மூடிக்கொண்டேன். அடுக்களை சட்டென்று பெரிதாகிவிட்டது. உள்ளே நடந்து போகலாம் போல இருந்தது. கண்ணைத் திறந்தால் பெட்டி, மூடினால் வீடு. “சளி பிடிக்கும், எழுந்திரு” என்று அத்தை உள்ளிருந்து அதட்டும்வரை திறந்து மூடிக்கொண்டே கிடந்தேன். ரொம்ப காலம் கழித்து ஜப்பானியப் புகைப்படக்காரர் ஹிரோஷி சுகிமோட்டோ சொன்னதை வாசித்தபோது சிரித்துவிட்டேன். நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், தீட்டிய திரைக்கு முன்னால் நிற்கும் பாடம்செய்த விலங்குகளைப் பார்த்தாராம். அப்பட்டமான போலி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாராம், நிஜமாகிவிட்டன. 1976இலிருந்து அவற்றையே படம் எடுத்தார். கேமராவுக்குப் பிறவியிலேயே ஒற்றைக் கண்தான். இரண்டு கண்ணின் பார்வை வித்தியாசம்தான் எது கைக்கெட்டும் சிறியது என்று நமக்குச் சொல்கிறது. அது இல்லாத கருவியை வைத்துக்கொண்டு லென்ஸ் கேட்கிறீர்கள்!

அது அத்தை புகுந்த வீட்டு அடுக்களை என்று அம்மா பின்னால் சொன்னாள். பதினான்கு மாதம் அங்கே இருந்தாளாம். ஏன் பதினேழு கோடு என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்த வயதில் அத்தை இல்லை.

விஜயதசமி இரவு வழக்கம்போலக் கொலுவில் ஒரு பொம்மையைப் படுக்கவைத்தார்கள். எல்லாரும் போனபிறகு அத்தை வந்தாள். பெட்டிக்குள் இரண்டு விரலை விட்டு, தரையில் கிடந்த மணையை எடுத்து, மற்ற மணைக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்த்தாள். விளக்கைத் தணித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அந்த வாணலியை உங்களுக்கு அனுப்பலாமா என்று யோசித்தேன். அளந்தும் பார்த்தேன். அரை அங்குலம், உங்கள் அளவில் ஆறு அங்குல வாணலி. சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் மேன்ஷன் அறையில் சமைக்கக் கூடாது என்பது விதி. அனுப்பவில்லை.

சுவரை இடித்துவிட்டு எழுதுங்கள்.

பி.கு.: பச்சைக்கு மேலே வரும் கறுப்புக் கோட்டை ஸ்கேல் வைத்துப் போட்டீர்கள் என்றால் எனக்குத் தெரிந்துவிடும்.