பழைய மடிக்கணினியில் லினக்ஸ்: எதிலிருந்து தொடங்குவது?

வீட்டில் ஏழெட்டு வருடப் பழைய மடிக்கணினி இருக்கிறது, விண்டோஸ் 10 ஓடுகிறது, லினக்ஸுக்கு மாற ஆசை, ஆனால் நிரல் எழுதத் தெரியாது, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. நான் பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். கேள்வித்தாள் தயாரிப்பது, மதிப்பெண் பட்டியல் போடுவது, பாடத்துக்கு வேண்டிய படங்களைச் சேர்ப்பது, இரவில் பழைய பாட்டு கேட்பது, இவ்வளவுதான் எனக்கும் கணினிக்கும் உள்ள பழக்கம். 2018-லிருந்து வீட்டுக் கணினியில் லினக்ஸ் மின்ட் மட்டும்தான் வைத்திருக்கிறேன்.

என்னிடம் கேட்கிற எல்லோரிடமும் முதலில் ஒன்றைச் சொல்வேன். இயங்குதளத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். அதில் பயன்படுத்தும் நிரல்களை மாற்றுங்கள். இப்போதிருக்கிற விண்டோஸிலேயே ஆவண வேலைக்கு லிப்ரெ ஆபீஸ், இணையம் பார்க்க ஃபயர்பாக்ஸ், பாட்டுக்கும் படத்துக்கும் விஎல்சி மூன்றையும் நிறுவி ஒரு மாதம் அவற்றிலேயே வேலை செய்யுங்கள். லினக்ஸை நிறுவிவிட்டுப் பத்தே நாளில் திரும்பிப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கஷ்டம் கொடுத்தது பெரும்பாலும் லினக்ஸ் இல்லை. பழகிய வேர்டு இல்லை, அந்தப் பொத்தான் இந்த இடத்தில் இல்லை, அதுதான் பிரச்சினை. எனக்கும் கேள்வித்தாளை இரண்டு பத்தியாகப் பிரிப்பது லிப்ரெ ஆபீஸில் எப்படி என்று தெரிய ஒரு மாலை முழுக்கப் போனது. அதையெல்லாம் விண்டோஸில் இருந்தபடியே பழகிக்கொண்டதால், லினக்ஸுக்கு வந்த நாளில் அதே லிப்ரெ ஆபீஸ் அதே இடத்தில் பொத்தான்களோடு எனக்காகத் திறந்தது. புது வீட்டில் பழைய அடுப்பங்கரை இருந்த மாதிரி.

சரி, எந்த லினக்ஸ்? லினக்ஸ் என்பது கண்டிப்பாகச் சொன்னால் கெர்னல் மட்டும், அதாவது வன்பொருளுக்கும் நிரல்களுக்கும் நடுவில் நிற்கிற உட்கரு. 1991-ல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதி வெளியிட்டது. எல்லோரும் தடையின்றிப் பயன்படுத்தக்கூடிய இயங்குதளம் ஒன்றை உருவாக்க ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் அறிவித்த குனூ திட்டத்தின் கருவிகள் அதோடு சேர்ந்தன. இப்படிப் பலர் எழுதியவற்றைத் தொகுத்து, நிறுவுகிற வடிவில் தருவதைத்தான் டிஸ்ட்ரோ என்கிறோம். டெபியன், ஃபெடோரா, உபுண்டு, மின்ட் எல்லாம் அப்படித்தான். எது சிறந்தது என்று தேட ஆரம்பித்தால் இரண்டு மாதம் காணொளி பார்ப்பதிலேயே போய்விடும். உங்களுக்கு மின்ட் போதும். விண்டோஸில் இருந்து வருபவருக்கு மெனு, பணிப்பட்டை எல்லாம் பழகிய இடத்திலேயே இருக்கும். அதன் 22 வரிசை உபுண்டு 24.04 மேல் கட்டியது, 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். உங்கள் விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இன்டெலின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய செயலிகளில் ஒரு சிலவற்றைத் தவிர மற்றவற்றை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. அதனால் நீங்கள் கேட்ட நேரம் சரியான நேரம்தான்.

மின்டிலேயே சில பதிப்புகள் உண்டு. 4 ஜிபி ரேம் என்றால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள், 8 ஜிபி என்றால் சினமன். பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்தான் இருக்கிறது என்றால், அதை எடுத்துவிட்டு, சுழலும் பாகம் இல்லாத ஒரு எஸ்எஸ்டி சேமிப்பகம் போடுங்கள். எந்த டிஸ்ட்ரோ தரும் வேகத்தைவிடவும் அது தரும் வேகம் அதிகம்.

அடுத்தது பென்டிரைவ். 8 ஜிபி இருந்தால் போதும். மின்ட் தளத்தில் இருந்து ஐஎஸ்ஓ கோப்பை, அதாவது முழு மின்டும் அடங்கிய ஒற்றைக் கோப்பை, இறக்குங்கள், கிட்டத்தட்ட 3 ஜிபி வரும். அதை வெறுமனே நகலெடுத்துப் பென்டிரைவில் போட்டால் கணினி அதிலிருந்து தொடங்காது. ரூஃபஸ் அல்லது எட்சர் போன்ற நிரலால் எழுத வேண்டும். எழுதும்போது பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பது எல்லாம் அழிந்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு கணினியை அணைத்து, பென்டிரைவைச் செருகி, ஆன் செய்தவுடன் எஃப்12 அல்லது எஃப்9 அல்லது எஸ்கேப் விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். எந்த விசை என்பது கணினிக்குக் கணினி மாறும்.

இப்போது மின்ட் திறக்கும். கணினியின் வட்டில், அதாவது ஹார்டு டிஸ்கில், எதுவும் மாறவில்லை, எல்லாம் பென்டிரைவில் இருந்தும் ரேமில் இருந்தும் ஓடுகிறது. இதை லைவ் என்பார்கள். இதில் ஒரு நாளாவது இருங்கள். கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும், பென்டிரைவின் வேகம் அவ்வளவுதான். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, திரை வெளிச்சம் கூடிக் குறைகிறதா, மூடியை மூடித் திறந்தால் விழிக்கிறதா, பிரின்டரில் ஒரு பக்கம் அச்சாகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். வைஃபை மட்டும் வரவில்லை என்றால் பயப்பட வேண்டாம். கைப்பேசியை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, அதன் இணையத்தைக் கணினிக்குப் பகிரும் டெதரிங் வசதியைப் போட்டால் இணையம் வந்துவிடும். நிறுவிய பிறகு, அந்த இணையத்தை வைத்து டிரைவர் மேனேஜரைத் திறந்தால் விடுபட்ட டிரைவரை, அதாவது அந்த வன்பொருளை இயக்கும் சிறு நிரலை, அதுவே எடுத்துக்கொடுக்கும்.

இனி நிறுவுவது. இங்கே எனக்கு நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

2017 மே விடுமுறை. நிறுவும் நிரலில் ஒரு திரை வரும்: விண்டோஸோடு சேர்த்து நிறுவவா, வட்டை அழித்துவிட்டு நிறுவவா, வேறு மாதிரியா என்று கேட்கும். விண்டோஸ் எனக்கு வேண்டாம், முக்கியமானது எல்லாம் டி டிரைவில் இருக்கிறது, அழிந்தால் சி டிரைவ்தானே அழியும் என்று நினைத்து இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். சி, டி என்று நாம் பார்ப்பது ஒரே வட்டில் கோடு போட்டுப் பிரித்த இரண்டு பகுதிகள். வட்டை அழி என்றால் இரண்டும் போகும். டி டிரைவில் தங்கையின் கல்யாணப் படங்கள் இருந்தன. வேறு எங்கும் நகல் இல்லை. கோப்பு மேலாளரில் டி டிரைவைத் தேடிக் காணாமல் உட்கார்ந்திருந்த அந்த அரை மணி நேரத்தை இன்னும் மறக்கவில்லை.

அதற்குமேல் எதையும் செய்யாமல் கணினியை அணைத்ததுதான் நான் செய்த ஒரே நல்ல காரியம். மேலே மேலே எழுத எழுத, பழையது மீளும் வாய்ப்பு குறையும். நண்பர் ஒருவர் சொல்லி, லைவ் பென்டிரைவில் இருந்து தொடங்கி, அழிந்த கோப்புகளை மீட்கும் ஃபோட்டோரெக் என்ற கட்டற்ற நிரலை ஓடவிட்டேன். மீட்டதைச் சேமிக்க வெளி ஹார்டு டிஸ்க் ஒன்று. இரவு பத்து மணிக்கு ஆரம்பித்தது விடியும்வரை ஓடியது. கோப்புப் பெயர்கள் எதுவும் வரவில்லை, எஃப் என்ற எழுத்தும் நீண்ட எண்ணுமாக ஆயிரக்கணக்கில் படங்கள். முகூர்த்தப் படத்துக்குப் பக்கத்தில் எங்கோ இணையத்தில் பார்த்த விளம்பரப் படம், அதற்கடுத்து பந்திப் படம். பெரும்பகுதி மீண்டது. தாலி கட்டும்போது எடுத்த சில படங்கள் பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாகத்தான் வந்தன. தங்கையிடம் அதை நானே சொன்னேன்.

அதனால் நிறுவும் திரைக்குப் போகும் முன், உங்கள் படங்களும் ஆவணங்களும் அந்தக் கணினிக்கு வெளியே ஓரிடத்தில் இருக்கட்டும். அங்கே நகல் சரியாகத் திறக்கிறதா என்று நான்கைந்து கோப்பையாவது திறந்து பாருங்கள். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

முதல் முறை விண்டோஸோடு சேர்த்தே நிறுவுங்கள். அதற்கு முன் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதியை நிறுத்திவிடுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, லினக்ஸில் இருந்து அந்த டிரைவில் எழுத முடியாமல் போகும். வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் வசதி இயங்குகிறது என்றால் அதன் மீட்புக் குறியீட்டை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு சின்ன விஷயம், நம்மூர்க்காரர்களைக் கட்டாயம் குழப்பும். லினக்ஸில் வேலை பார்த்துவிட்டு விண்டோஸுக்குப் போனால் மணி ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டும். கணினிக்குள் இருக்கிற கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாக வைக்கிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. நமக்கும் அதற்கும் வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி. பேட்டரி போய்விட்டது என்று நினைத்துக் கடைக்குக் கொண்டுபோக வேண்டாம். உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள்ளும்படி லினக்ஸுக்கு ஒரே ஒரு கட்டளையில் சொல்லிவிடலாம்.

தமிழைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நான் இதற்காகத்தான் லினக்ஸிலேயே தங்கிவிட்டேன். தமிழ் எழுத்துருக்கள் கூடவே வருகின்றன. தட்டச்சுக்கு, விசைப்பலகை அமைப்பில் தமிழ்99 என்று ஒன்று கண்ணில் படும். அதை அப்படியே சேர்த்தால் எழுத்துகள் சரியான இடத்தில் இருக்கும், ஆனால் தமிழ்99-ன் அழகே அதன் தானாக வரும் புள்ளி, அது இதில் வராது. ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையை நிறுவி, அதன் எம்17என் தொகுப்பில் இருக்கும் தமிழ்99-ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள். அம்மா என்று அடிக்க அ, ம, ம, ஆ நான்கு விசைகள்தான். நடுவில் உள்ள புள்ளியை அது வைத்துக்கொள்ளும். பக்கத்துக்குப் பக்கம் அடிப்பவர்களுக்கு அந்த ஒரு விசை மிச்சம் விரலுக்குத் தெரியும்.

பழைய கோப்புகள் வேறு கதை. பத்துப் பன்னிரண்டு வருடக் கேள்வித்தாள்கள் என்னிடம் வானவில் அவ்வையார் எழுத்துருவில் இருந்தன. லிப்ரெ ஆபீஸில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக ஏதோ சிதறிக் கிடந்தது. பாமினியில் அடித்து வைத்திருப்பவர்களுக்கும் இதேதான் நடக்கும். கோப்பு கெடவில்லை, எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். உங்கள் வீட்டுக் கோப்புறைக்குள் பெயரின் முன்னால் ஒரு புள்ளியோடு ஃபான்ட்ஸ் என்று ஒரு கோப்புறை உண்டாக்கி, எழுத்துருக் கோப்பை அதில் போட்டு, லிப்ரெ ஆபீஸை மூடித் திறங்கள். லினக்ஸில் புள்ளியில் தொடங்குவது எல்லாம் மறைந்திருக்கும், கன்ட்ரோலும் ஹெச்சும் அழுத்தினால் தெரியும். படிக்க அது போதும். ஆனால் எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றிவிடுவதுதான் நல்லது, அப்போதுதான் கோப்புக்குள் ஒரு சொல்லைத் தேட முடியும். நான் ஒரு கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றி முடித்தேன்.

டெர்மினல் என்ற கறுப்புத் திரையைக் கண்டு பலர் தயங்குகிறார்கள். மின்டில் அதைத் திறக்காமலே பல மாதம் ஓட்டலாம். ஆனாலும் திறந்து பாருங்கள். சூடோ என்று தொடங்கும் கட்டளை, நிர்வாகி உரிமையோடு ஓடுவது, கடவுச்சொல் கேட்கும். மின்டில் நீங்கள் அடிப்பது நட்சத்திரக் குறிகளாகத் தெரியும், வேறு பல டிஸ்ட்ரோக்களில் எதுவுமே தெரியாது. அங்கே விசைப்பலகை வேலை செய்யவில்லை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், அடித்துவிட்டு என்டர் தட்டுங்கள். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் லினக்ஸுக்கு வேறு வேறு. பிழைச் செய்தி வந்தால் மூடாமல் படியுங்கள், பெரும்பாலும் என்ன குறை என்று அதிலேயே எழுதியிருக்கும். புரியாத கட்டளையை எங்கிருந்தும் எடுத்து ஒட்டாதீர்கள். நிறுவிய முதல் நாளே டைம்ஷிஃப்ட் என்ற நிரலைத் திறந்து ஒரு நிலைப்பதிவு எடுத்துவிடுங்கள். பின்னால் ஏதாவது கெட்டால் கணினியை அந்த நாளுக்குத் திருப்பலாம். உங்கள் படங்களையும் கோப்புகளையும் அது வழக்கமாகச் சேர்க்காது, அதற்குத் தனி நகல்தான்.

ஆகாதவையும் உண்டு. கணக்கு எழுதும் டேலியும் படம் திருத்தும் ஃபோட்டோஷாப்பும் லினக்ஸுக்கென்று வருவதில்லை. டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வைத்து அலுவலக வேலை செய்பவர்கள் பலருக்கு விண்டோஸ் தேவைப்படும். சில இணையத் தேர்வு நிரல்களும் அப்படித்தான். பழைய லேசர் பிரின்டர் சிலவற்றுக்கு டிரைவர் கிடைப்பது பெரும் பாடு, என்னுடையதை எடுத்துப் பரணில் வைத்துவிட்டு வேறு வாங்கினேன். உங்கள் வருமானம் இவற்றில் ஒன்றை நம்பியிருந்தால் விண்டோஸை அழிக்காதீர்கள், பக்கத்திலேயே இருக்கட்டும்.

இதை ஏன் இவ்வளவு அக்கறையாகச் சொல்கிறேன் என்றால், 2011-ல் தொடங்கி தமிழ்நாடு அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக், சென்னையில், டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. என் வகுப்புப் பிள்ளைகள் கொண்டுவந்த கணினிகளில் அதைத் திறந்து பார்த்தவர்கள் மிகக் குறைவு. சொல்லித்தர எனக்கும் அப்போது தெரியாது. கட்டற்ற மென்பொருள் என்ற தமிழ்ச் சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். இலவசம் என்பது அதில் ஒரு சிறு பகுதி. பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், நண்பனுக்கு நகலெடுத்துக் கொடுக்கலாம், மெனுவில் தமிழ் தப்பாக இருந்தால் நீங்களே திருத்தி அனுப்பலாம். கணியம் இதழ் 2012-லிருந்து இதையெல்லாம் தமிழிலேயே எழுதிவருகிறது, லினக்ஸ் பற்றிய கட்டுரைகள் அங்கே நிறைய. சிக்கிக்கொண்டால் மின்ட் மன்றத்தில் ஆங்கிலத்தில் கேட்டாலும் பொறுமையாகப் பதில் சொல்வார்கள்.

இந்த வாரம் லிப்ரெ ஆபீஸை நிறுவுங்கள், பென்டிரைவைத் தயார் செய்து லைவில் ஒரு நாள் இருந்து பாருங்கள். ஏதாவது வேலை செய்யவில்லை என்றால் கணினியின் மாடல், ரேம் அளவு, வராதது வைஃபையா சத்தமா என்பதை இங்கே எழுதுங்கள். வைஃபை என்றால் டெர்மினலில் எல்எஸ்பிசிஐ (lspci) என்ற ஐந்தெழுத்துக் கட்டளையைச் சிறிய எழுத்தில் அடித்து, நெட்வொர்க் என்று வரும் வரியை அப்படியே சேர்த்துப் போடுங்கள். சிப்பின் பெயர் அதில்தான் இருக்கும்.