ஆலைக் கணக்கை முகிலுக்கு மாற்றுவதற்கு முன்

கேள்வி: சம்மாந்துறையில் அரிசி ஆலையும், கல்முனையிலும் மட்டக்களப்பிலும் விற்பனை நிலையங்களும் நடத்துகிறோம். நெல் கொள்வனவு, இருப்பு, கடன் யாவும் ஆலை அலுவலகக் கணினி ஒன்றில், மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் உள்ளன. அதை அமேசன் ஆர்டிஎஸ் போன்றதொரு முகில் சேவைக்கு, அதாவது தரவுத்தளத்தைத் தன் கணினிகளில் வைத்து இணையம் வழியாக நடத்தித்தரும் சேவைக்கு, மாற்றலாமா?

பதில்: மாற்றலாம். ஆனால் தரவுத்தளத்தை மட்டும் மும்பையிலுள்ள அமேசன் தரவு நிலையத்தில் வைத்துவிட்டு, பழைய மென்பொருளை ஆலையிலிருந்தே அதனுடன் இணைத்துவிடாதீர்கள்.

தரவுத்தளம் பக்கத்திலேயே இருக்கும் என்று நம்பி எழுதப்பட்ட மென்பொருள், ஒரு பற்றுச்சீட்டுப் போடுவதற்குள் விவசாயியின் பெயர், பழைய கடன், மூட்டைக் கணக்கு, ஈரக்கழிவு என்று இருநூறு தடவைகூட அதனிடம் கேட்கக்கூடும். ஒரே அறைக்குள் அது கண்ணுக்குத் தெரியாத நேரம். மும்பைக்குப் போய்த் திரும்ப ஒரு தடவைக்கு 50 மில்லிசெக்கன் என்று வைத்தாலும், ஒரு சீட்டுக்கு 10 செக்கன் ஆகிவிடும். பெரும்போக அறுவடையில் வாசலில் நெல்லேற்றிய உழவு இயந்திரங்கள் வரிசையாக நிற்கும்போது அந்தத் தாமதத்தை எவரும் பொறுக்கமாட்டார்கள். ஆகவே மென்பொருளும் தரவுத்தளமும் முகிலில் ஒரே இடத்தில் இருக்க, மூன்று இடங்களிலிருந்தும் உலாவி (பிரவுசர்) வழியாக வேலை செய்ய முடியுமா என்று மென்பொருளை எழுதியவரிடம் முதலில் கேளுங்கள். முடியாதென்றால், இப்போதைக்குக் காப்புப் பிரதியை மட்டும் முகிலுக்கு அனுப்புவதே நல்லது.

இச்சேவையின் பெரும் பயன் காப்புப் பிரதிதான். ஆர்டிஎஸ் அதை 35 நாட்கள் வரை வைத்திருக்கும். காலை 10.40க்கு ஒருவர் கடன் பட்டியலைத் தவறுதலாக அழித்துவிட்டால், 10.39இல் இருந்த நிலையை மீட்கலாம். ஆனால் மீட்பது பழையதன்மேல் எழுதப்படாமல் புதியதொரு தரவுத்தளமாகவே எழும்பும். மென்பொருளை அதற்குத் திருப்பிவிட வேண்டும் என்பதால் ஒரு தடவையாவது ஒத்திகை பாருங்கள். தரவுத்தளத்தை நீக்கும்போது, தானியங்கிப் பிரதிகளை வைத்திருக்க வேண்டும் என்று குறிப்பிடாவிட்டால் அவையும் சேர்ந்தே போய்விடும். மாதமொரு பிரதியை வேறிடத்தில் வைத்திருங்கள். 2004 ஆழிப்பேரலையையும் 2024 நவம்பர் வெள்ளத்தையும் கண்ட கரையில் இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

தரவுத்தளத்துக்குள் நுழையும் 3306 என்ற இணைப்புவாயிலை (port) உலகம் முழுவதற்கும் திறந்துவைக்க வேண்டாம். விவசாயிகளின் அடையாள அட்டை இலக்கமும் தொலைபேசி இலக்கமும் அதற்குள் இருக்கின்றன. அவற்றைக் கையாள்வது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்ட விடயம்.

கட்டணம் டொலரில் கணிக்கப்படுவதால், 2022இல் ரூபாய் விழுந்த விதத்தை நினைவில் வைத்தே பட்ஜெட் போடுங்கள். அறுவடைக் காலத்தில் சேர்வரின் அளவைக் கூட்டிப் பிறகு குறைக்கலாம்; அப்போது சில நிமிடங்கள் இணைப்பு அறும், இரவில் செய்யுங்கள்.

இணையம் அறுந்தால் முகிலிலுள்ள கணக்கு கைக்கு எட்டாது. வேறு நிறுவனத்தின் இணைப்பொன்றை மாற்றாக வைத்திருப்பதுடன், கொள்வனவு மேசையில் இலக்கமிட்ட கைச்சீட்டுப் புத்தகமும் இருக்கட்டும். சிறுபோக நெல் வாங்கி முடிந்த ஐப்பசியில், தரவின் பிரதியொன்றை முகிலில் ஏற்றி, மட்டக்களப்பு நிலையத்தில் ஒரு வாரம் பழையதிலும் முகிலிலும் சீட்டுப் போட்டு, நாள் முடிவில் இரு கணக்குகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.