நான்கு மணி நேரத்து நகரங்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓய்வு பெற்றபின் நானும் மனைவியும் டான்யூப் நதியில் ஜெர்மனியின் பாஸாவிலிருந்து புடாபெஸ்ட் வரை கப்பலில் செல்ல எண்ணியிருக்கிறோம். பயணத்திட்டத்தில் பெரும்பாலான பழைய நகரங்களுக்கு நான்கு மணி நேரம்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். நீங்கள் அந்த வழியில் சென்றுவந்தவர். இவ்வளவு குறைந்த நேரத்தில் ஒரு நகரத்தைப் பார்த்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ள முடியுமா? ரயிலில் சென்று இரண்டே ஊர்களில் தங்குவது மேலல்லவா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அருங்காட்சியகங்களும் இசையரங்குகளும்தான் உங்கள் நாட்டம் என்றால் ரயிலிலேயே செல்லுங்கள். வியன்னாவுக்கு மட்டுமே நான்கு நாட்கள் வேண்டும். ஆனால் அந்த ஊர்கள் ஏன் அந்தந்த இடத்தில் அமைந்தன என்பது ஆற்றின் வழியாக வந்து இறங்குபவருக்கே சட்டென்று விளங்கும். அதற்கு நான்கு மணி நேரம் போதும்.

நீங்கள் கப்பலேறும் பாஸாவையே எடுத்துக்கொள்ளுங்கள். தெற்கிலிருந்து இன் நதியும் வடக்கிலிருந்து இல்ஸ் நதியும் அங்கே டான்யூபில் கலக்கின்றன. பழைய நகரம் டான்யூபுக்கும் இன்னுக்கும் நடுவே ஒடுங்கிய நிலமுனையில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. ஆல்ப்ஸ் பகுதியின் உப்பு இன் வழியாகப் படகுகளில் வந்திறங்கி, பொதிக்குதிரைகளில் பொஹீமியாவுக்கு, அதாவது இன்றைய செக் நாட்டுப் பகுதிக்கு, சென்ற காலத்தில் ஊர் செழித்தது. கொடுத்த ஆறுகள் அவ்வப்போது வீட்டுக்குள்ளும் வந்தன. பழைய நகர மன்றத்தின் கோபுரச் சுவரில் வெள்ளம் ஏறிய உயரங்களை ஆண்டுடன் குறித்து வைத்திருக்கிறார்கள். 2013 ஜூன் வெள்ளத்தின் குறியையே நான் அண்ணாந்துதான் பார்த்தேன். 1501ஆம் ஆண்டின் கோடு அதற்கும் மேலே இருந்தது. வழிகாட்டி அந்தச் சுவரைக் கைகாட்டிவிட்டு நகர்ந்தார். நான் குழுவை விட்டுவிட்டு அங்கேயே நின்றுவிட்டேன். அதற்காக இன்றுவரை வருந்தியதில்லை.

டியூர்ன்ஷ்டைன் மிகச் சிறிய ஊர். சிலுவைப் போரிலிருந்து திரும்பும் வழியில் பிடிபட்ட இங்கிலாந்து அரசன் முதலாம் ரிச்சர்ட், 1192-93 குளிர்காலத்தில் சிறை வைக்கப்பட்டது அங்குள்ள மலைக்கோட்டையில்தான். முழங்கால் இடம் கொடுத்தால் கடைகளைத் தவிர்த்துவிட்டு அரை மணி நேரம் மேலே ஏறுங்கள். கோட்டையில் எஞ்சியிருப்பவை இடிபாடுகளே என்றாலும், ஆற்றின் வளைவு முழுவதும் காலடியில் தெரியும். அங்கே உட்கார்ந்திருந்தவன் கண்ணில் படாமல் ஒரு படகும் கடந்திருக்க முடியாது.

ஆற்றிலிருந்து இறங்கினால் ஊர் விளங்கும் என்பதற்கு வியன்னா விதிவிலக்கு. 1870களில் டான்யூபை நேராக்கி வெட்டினார்கள். பழைய நகரத்தை ஒட்டி ஓடுவது டான்யூப் கால்வாய் என்னும் கிளை மட்டுமே. ஆகவே கப்பல்கள் தள்ளி, ரைஷ்ஸ்ப்ரூக்க பாலத்தருகே நிற்கின்றன. நான் சென்ற கப்பலில் நகருக்குள் அழைத்துச் செல்லும் பேருந்துக்குத் தனிக்கட்டணம் கறந்தார்கள். அருகிலுள்ள நிலையத்திலிருந்து யு1 மெட்ரோவில் நான்காவது நிறுத்தத்தில் இறங்கினால் புனித ஸ்டீபன் பேராலயத்தின் வாசல். பிராட்டிஸ்லாவாவில் அந்தத் தொல்லை இல்லை, இறங்கி நடந்தாலே பழைய நகரம்.

பணம் கட்டுமுன் ஒன்றைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். கோடையின் பிற்பகுதியில் நீர் வற்றினால் வாகாவ் பள்ளத்தாக்கு போன்ற, அணையில்லாத பகுதிகளில் கப்பல் தரைதட்டும். வெள்ளம் வந்தால் பாலங்களுக்கு அடியில் நுழைய முடியாது. இரண்டிலும் பயணிகளைப் பேருந்தில் ஏற்றிவிடுவார்கள். அப்படி நேர்ந்தால் பணத்தில் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அதிக விலை கொடுத்துப் பலகணி அறை எடுக்க வேண்டாம். துறைகளில் இடமின்றிக் கப்பல்களை அடுத்தடுத்து ஒட்டிக் கட்டுவதால், திரையை விலக்கினால் பக்கத்துக் கப்பல்காரர் பல் துலக்குவதுதான் தெரியும்.

பகல் பொழுதை மேல்தளத்தில் கழியுங்கள். கரையில் கிலோமீட்டர்ப் பலகைகள் வரும். டான்யூபில் கருங்கடல் முகத்துவாரத்திலிருந்து மேல்நோக்கி எண்ணுகிறார்கள். பாஸாவில் 2,200-க்கு மேலிருக்கும் எண் புடாபெஸ்டில் 1,650-ஐ ஒட்டி வந்திருக்கும்.