கருக்குழாய் பரிசோதனை இருக்கட்டும். முதலில் மருத்துவரிடம் தனியாகப் பேசுங்கள்

கேள்வி: எனக்கு வயது 27. திருமணமாகி ஒன்றரை வருடம் ஆகிறது. இதுவரை ஒருமுறைகூட முழுமையாக உறவு கொள்ள முடியவில்லை. கணவர் நெருங்கும்போதே தொடைகள் இறுகிவிடுகின்றன. மீறி முயன்றால் எரிச்சலும் வலியும்தான். அவர் கோபித்துக்கொள்வதில்லை, ஆனால் பேச்சைக் குறைத்துக்கொண்டார். விஷயம் தெரியாத மாமியார், குழந்தை இல்லையே என்று கருத்தரிப்பு மையத்துக்கு அழைத்துப் போனார். அங்கே கேட்டதற்கெல்லாம் அவரே பதில் சொன்னார். அடுத்த வாரம் கருக்குழாய் பரிசோதனை என்று முன்பணமும் வாங்கிவிட்டார்கள். என் உடம்பில் குறையா? மருத்துவரிடம் இதை எப்படிச் சொல்வது? மாமியாரிடம் என்ன சொல்வது?
- வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: அந்தப் பரிசோதனைக்கு இப்போது போகாதீர்கள். பிறப்புறுப்பின் வழியாகக் கருவியைச் செலுத்தி, கர்ப்பப்பைக்குள் மருந்தை ஏற்றி எடுக்கும் எக்ஸ்ரே அது. கணவர் நெருங்கினாலே தசை இறுகும் உங்களுக்கு அதை வலுக்கட்டாயமாகச் செய்தால், இருக்கும் பயம் இரட்டிப்பாகும். கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று தேட வேண்டிய கட்டத்துக்கு நீங்கள் வரவே இல்லை. கருத்தடை ஏதுமின்றி ஓராண்டு உடலுறவு கொண்டும் கருத்தரிக்காவிட்டால் அது குழந்தையின்மை என்கிறது 2021ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டம். உங்களுக்கு அந்த ஓராண்டுக் கணக்கு இன்னும் தொடங்கவில்லை.

உறவே நடக்கவில்லை என்பதைக் கண்டுபிடிக்க எந்த இயந்திரமும் வேண்டாம். கூட வந்தவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, “உறவு சரியாக நடக்கிறதா, வலி இருக்கிறதா?” என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். அந்தக் கேள்வியைக் கேட்காமலேயே ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கருக்குழாய் பரிசோதனை என்று பட்டியல் எழுதுகிறார்கள் என்றால், எனக்குக் கோபம்தான் வருகிறது. கர்ப்பப்பையில் விந்தணுவைச் செலுத்தும் சிகிச்சை வரை போய், அதுவும் பலிக்காமல், அதன் பிறகே “டாக்டர், எங்களுக்குள் ஒன்றும் நடந்ததில்லை” என்று அழும் தம்பதிகளை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். செலவான பணத்தை யாரும் திருப்பித் தருவதில்லை.

நீங்கள் வேறொரு பெண்கள் நல மருத்துவரிடம் போங்கள். அரசு மருத்துவமனையானாலும் சரி. உள்ளே நுழைந்ததும், “நான் தனியாகப் பேச வேண்டும்” என்று சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. புறநோயாளிப் பிரிவில் ஒரே மேஜையைச் சுற்றி நான்கு பேர் நிற்கும் நம் ஊர் நிலைமையில் இதைச் சொல்வது எளிதல்ல என்று எனக்குத் தெரியும். வாய் வரவில்லை என்றால் ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள்: “திருமணமாகி ஒன்றரை வருடம். இதுவரை உறவு முழுமையாக நடக்கவில்லை. முயன்றால் தசை இறுகி வலிக்கிறது.” இந்த மூன்று வரிகளைப் படித்ததும் மருத்துவருக்குப் பாதி விஷயம் விளங்கிவிடும். பரிசோதிக்கும்போது வலித்தால் நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்தாதவரிடம் மறுபடி போகாதீர்கள்.

உங்கள் உடம்பில் குறை இல்லை. நீங்கள் எழுதியிருப்பது வஜைனிஸ்மஸ் என்ற நிலையோடு பொருந்துகிறது. வலிக்கும் என்ற அச்சத்தில் இடுப்படித் தசைகள் நம் விருப்பத்தைக் கேட்காமலேயே இறுகிக்கொள்ளும். கண்ணருகே விரல் வந்தால் இமை தானாக மூடிக்கொள்வதைப் போல. மனத்தைத் திடப்படுத்திக்கொண்டால் சரியாகிவிடும் என்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். ஆசை இல்லாததால் வருவதும் அல்ல இது. இது குணமாகும். மூச்சை நிதானமாக இழுத்து விட்டு அந்தத் தசையைத் தளர்த்தக் கற்றுக்கொள்வது, பிறகு உங்கள் விரலே உங்களுக்குப் பழகுவது, பிறகு சிறியதிலிருந்து பெரியதாக அளவுவாரியாக வரும் டைலேட்டர் என்ற வழவழப்பான குழல்களைப் பயன்படுத்துவது என்று படிப்படியாகப் போகும் சிகிச்சை. வீட்டிலேயே, உங்கள் அறைக்குள், உங்கள் வேகத்தில் செய்வது. சில வாரங்களோ சில மாதங்களோ ஆகலாம். இடுப்படித் தசைப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்ட் கிடைத்தால் இன்னும் நல்லது. யூடியூபைப் பார்த்துக் கீகல் பயிற்சியை மட்டும் தொடங்கிவிடாதீர்கள். அது தசையை இறுக்கும் பயிற்சி, உங்களுக்கு வேண்டியது தளர்த்துவது.

இனி எச்சரிக்கை. உங்களைப் போன்றவர்களின் கூச்சத்தை நம்பியே ஒரு வியாபாரம் நடக்கிறது. “இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் சந்திக்கலாம், ரகசியம் காக்கப்படும்” என்று விளம்பரம் செய்பவர்களிடம் போகவே போகாதீர்கள். பாலியல் திறனைக் கூட்டும் மருந்து என்று விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று தடை செய்கிறது. எழுபது ஆண்டுகள் கடந்தும் பஸ் நிலையச் சுவர்களில் அந்த விளம்பரங்கள் இருக்கின்றன. பிடிக்க வேண்டியவர்களும் அதே பஸ் நிலையத்தைத்தான் கடந்து போகிறார்கள். அடுத்தது, “கன்னித்திரை தடிமனாக இருக்கிறது, மயக்க மருந்து கொடுத்து வெட்டிவிடலாம்” என்பவர்கள். வெட்டினாலும் இறுகும் தசை இறுகிக்கொண்டுதான் இருக்கும். மரத்துப்போகும் களிம்பு, உறவுக்கு முன் கொஞ்சம் மது என்ற யோசனைகளும் வேண்டாம். அந்தக் கருத்தரிப்பு மையத்தை யாராவது பரிந்துரைத்திருந்தால், அவருக்கு அதில் கமிஷன் உண்டா என்று யோசிக்கவும் தயங்காதீர்கள்.

முதல் இரவில் ரத்தம் வர வேண்டும் என்ற பேச்சையும் இதோடு விட்டுவிடுங்கள். பல பெண்களுக்கு வராது. கன்னித்தன்மையைக் கண்டறியும் பரிசோதனை என்று மருத்துவத்தில் எதுவும் இல்லை. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்களுக்குச் செய்யப்பட்டுவந்த ‘இரு விரல் பரிசோதனை’க்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் கண்டித்துச் சொன்னது. இவ்வளவு தாமதமாக நீதிமன்றம் சொல்லித்தான் மருத்துவர்கள் கேட்க வேண்டியிருக்கிறது! பெண்ணின் இன்பத்துக்கென்றே இருக்கும் கிளிட்டோரிஸ் என்ற உறுப்பின் முழு அளவை ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் ஹெலன் ஓ’கானல் விவரித்து எழுதியதே 1998இல்தான். 2005இல் ஒரு பேட்டியில் திருமணத்துக்கு முந்தைய உறவைப் பற்றிக் கருத்துச் சொன்னதற்காக நடிகை குஷ்பு மீது 23 வழக்குகள் போட்டார்கள், பெரும்பாலும் தமிழ்நாட்டில். 2010இல் உச்ச நீதிமன்றம்தான் அவற்றை ரத்து செய்தது. இப்படிப்பட்ட ஊரில் வளர்ந்த உங்களுக்கு வாய் வராததில் வியப்பில்லை. வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் அல்ல.

அச்சத்தில் தசை இறுகுவதால் வலி வருகிறது என்று மேலே சொன்னதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. இதைப் படிக்கும் மற்ற பெண்களுக்காக விரிவாகவே சொல்கிறேன். முன்பு வலியில்லாமல் இருந்து, பிரசவத்துக்குப் பிறகு வலி தொடங்கியிருந்தால் அது வேறு கதை. தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவதால் பிறப்புறுப்பு வறண்டுபோகும். ஆசை குறைந்துவிட்டது என்று கணவரும் மனைவியும் தவறாக நினைத்துக்கொள்கிறார்கள். தையல் போட்ட இடம் ஆறினாலும் தழும்பு இழுத்து வலிக்கலாம். ஆறு வாரம் ஆயிற்று, இனிமேல் ஒன்றும் ஆகாது என்று நாள் கணக்குச் சொல்லி யாரும் உங்களை அவசரப்படுத்தக் கூடாது. நீர் சார்ந்த லூப்ரிகன்ட் மருந்துக் கடைகளில் கிடைக்கும். தேங்காய் எண்ணெயை ஆணுறையோடு பயன்படுத்தக் கூடாது, உறை கிழிந்துவிடலாம். அப்படியும் வலி தீரவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். பிரசவம் ஆனவரோ ஆகாதவரோ, உறவுக்குப் பின் ரத்தம் தொடர்ந்து வந்தால் கர்ப்பப்பை வாயைக் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும்.

கணவரிடம் இரவில், படுக்கையில் பேச்சை எடுக்காதீர்கள். பகலில், இருவரும் நடக்கும்போதோ வண்டியில் போகும்போதோ பேசுங்கள். “உங்களைப் பிடிக்காமல் இல்லை. என் தசைதான் இறுகிக்கொள்கிறது. இதற்குச் சிகிச்சை இருக்கிறது, அதுவரை முயற்சியே வேண்டாம்” என்று சொல்லிப் பாருங்கள். அவர் பேச்சைக் குறைத்ததற்கும் தன்னை வேண்டாம் என்று ஒதுக்குகிறீர்கள் என்ற எண்ணமே காரணமாக இருக்கலாம். சிகிச்சைக் காலத்தில் தொடுவதும் கட்டிக்கொள்வதும் இருக்கட்டும். அது உறவில்தான் முடிய வேண்டும் என்ற கட்டாயம் வேண்டாம். உங்களுக்கு எது பிடிக்கிறது என்று அவரிடம் சொல்லுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் அவரும் வரட்டும்.

மாமியாரிடம் நீங்கள் எதையும் விளக்க வேண்டியதில்லை. அவருடைய மகன் பேசட்டும்: “நாங்கள் வேறு டாக்டரைப் பார்க்கிறோம். ஆறு மாதம் குழந்தையைப் பற்றிக் கேட்காதீர்கள் அம்மா.” கட்டிய முன்பணத்தையும் உங்கள் கணவரே போய் ரசீதைக் காட்டித் திரும்பக் கேட்கட்டும்.