18 முடிந்த மகனுக்கு அம்மா கையெழுத்து ஏன் செல்லவில்லை?

கேள்வி: என் மகனுக்கு டவுன் சிண்ட்ரோம். அவனுக்கு 18 வயது முடிந்துவிட்டது. மாதாமாதம் பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய் அவன் கணக்கில்தான் வரும். போன வாரம் வங்கிக்குப் போனால், “பையன் மேஜர், இனி உங்கள் கையெழுத்து செல்லாது, பாதுகாவலர் சான்றிதழ் கொண்டு வாருங்கள்” என்கிறார்கள். அதற்குக் கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்கிறார் மேலாளர். கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒருவர் 15,000 ரூபாய் கொடுத்தால் பத்தே நாளில் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். பெற்ற தாய்க்குச் சான்றிதழ் எதற்கு? எங்களுக்குப் பிறகு அவனுக்கு யார்? மூத்த மகள் ஒருத்தி இருக்கிறாள், திருமணமாகிவிட்டது.

பதில்: அந்த 15,000 ரூபாய் வீட்டிலேயே இருக்கட்டும் அம்மா. கோர்ட்டுக்கும் போக வேண்டாம்.

பெற்ற தாய்க்கு எதற்குச் சான்றிதழ் என்ற உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் 18 முடிந்ததும் உங்கள் மகனும் மற்ற எல்லோரையும் போல மேஜர்தான். அன்றோடு பெற்றோரின் இயற்கைப் பாதுகாவலர் உரிமை முடிகிறது. அதற்கு மேல் அவனுக்காக நீங்கள் கையெழுத்துப் போட வேண்டுமானால், அந்த அதிகாரத்தை ஒருவர் உங்களுக்கு எழுத்தில் தர வேண்டும். அதைத் தருவதற்கென்றே 1999-இல் நேஷனல் டிரஸ்ட் சட்டம் வந்தது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு என்று நான்கு வகையினருக்கானது அது. டவுன் சிண்ட்ரோம் அறிவுசார் குறைபாட்டில் அடங்கிவிடும். கோர்ட்டுக்கு அலைய முடியாத குடும்பங்களுக்காகத்தான் மாவட்டத்துக்கு ஒரு குழு வைத்தார்கள். அதில் மாவட்ட ஆட்சியர், பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் என்று மூன்று பேர். உள்ளூர் அளவிலான குழு என்று பெயர். உங்களுக்கான ஆணையைத் தருவது இவர்கள்தான்.

அந்த ஆணையை வங்கிகள் ஏற்றுக்கொள்ளலாம் என்று ரிசர்வ் வங்கி 2007 நவம்பரிலேயே சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. இத்தனை வருடம் கழித்தும் கவுன்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கோர்ட்டைக் காட்டுகிறார் என்றால் என்ன சொல்வது? அந்தச் சுற்றறிக்கையை ஒரு பிரதி எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். வாதாட வேண்டாம், மேஜை மேல் வைத்தால் போதும்.

விண்ணப்பம் எளிது. படிவம் ஏ என்று கேளுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கிடைக்கும். அந்தச் சட்டத்தின்படி அமைந்த மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் இணையதளத்திலும் போடலாம். பையனின் ஊனமுற்றோர் சான்றிதழ் அல்லது யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, வயதுச் சான்று, முகவரிச் சான்று, போட்டோக்கள். அப்பா இருக்கிறார் என்றால் இரண்டு பேரும் சேர்ந்தே விண்ணப்பியுங்கள். ஒருவர் பெயரில் மட்டும் வாங்கிவிட்டு, அவருக்கு ஏதாவது ஆனபின் முதலிலிருந்து ஆரம்பிக்கும் குடும்பங்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

இப்போது வாசலில் நிற்பவர் விஷயத்துக்கு வருகிறேன். பத்து நாளில் இவரால் என்ன தர முடியும்? பெரும்பாலும் ஒரு முத்திரைத்தாள். “மேற்படி மகனுக்கு நானே பாதுகாவலர்” என்று நீங்களே உறுதிமொழி கொடுப்பதுபோல் டைப் அடித்து, நோட்டரி வக்கீலின் சிவப்பு முத்திரையும் பச்சைக் கையெழுத்தும் போட்டு, பிளாஸ்டிக் உறையில் வைத்துக் கொடுப்பார்கள். பார்க்க ஆணை மாதிரியே இருக்கும். நோட்டரி சாட்சியம் சொல்வது கையெழுத்து உங்களுடையது என்பதற்கு மட்டும்தான். உங்களைப் பாதுகாவலராக நியமிக்க அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. குழு தரும் ஆணை படிவம் பி-யில் வரும். வேறு எந்தக் காகிதத்தையும் காசு கொடுத்து வாங்காதீர்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு எழுதித் தர ஐம்பதோ நூறோ வாங்குபவர்களை நான் குறை சொல்லவில்லை, அது உழைப்பு. “உள்ளே ஆள் இருக்கிறது” என்பவரைத்தான் சொல்கிறேன். உள்ளே ஆள் இருந்தால் அவருக்கு ஏன் வாசலில் வேலை?

இன்று இரவே ஒன்றைப் பார்த்துவிடுங்கள். பையனின் சான்றிதழில் குறைபாட்டின் வகை என்று ஒரு வரி இருக்கும். அதில் ‘அறிவுசார் குறைபாடு’ என்றோ பழைய சான்றிதழானால் ‘மனவளர்ச்சி குன்றியவர்’ என்றோ இருக்க வேண்டும். ‘மனநோய்’ என்று இருந்தால் குழு உங்கள் மனுவைத் தொடாது. நேஷனல் டிரஸ்ட் சட்டத்தின் நான்கு வகைகளில் மனநோய் கிடையாது. மனச்சிதைவு நோய் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் எத்தனையோ பேர் இது தெரியாமல் படிவம் ஏ-யைத் தூக்கிக்கொண்டு வந்து திரும்பிப் போகிறார்கள். அவர்களுக்கு வழி வேறு, அதற்கு வக்கீலைத்தான் பார்க்க வேண்டும். மனநோயும் மனவளர்ச்சிக் குறையும் ஒன்றல்ல. சொல்லித் தெரிய வேண்டிய விஷயமா இது? ஆனால் நான் பார்த்த ஒரு குடும்பத்தில், டவுன் சிண்ட்ரோம் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிகிற பெண்ணுக்கு, கம்ப்யூட்டரில் பதிந்தவர் ஒரு வரி மாற்றி அழுத்தியதில் மனநோய் என்று விழுந்துவிட்டது. மறுபடியும் முகாம், டோக்கன், மருத்துவக் குழு. திருத்தம் வர எட்டு மாதம். தப்பு அவர்களுடையது, அலைச்சல் மட்டும் அந்த அம்மாவுக்கு. ஒருவருக்கு ஆட்டிசமும் இருக்கிறது, மனநோய்க்கும் மருந்து சாப்பிடுகிறார் என்றால் கவலை வேண்டாம். ஆட்டிசம் என்ற சான்றிதழை வைத்து விண்ணப்பிக்கலாம். சான்றிதழில் மனநோய் மட்டுமே இருந்தால்தான் கதவு மூடும். உங்கள் பையனுடையது சரியாக இருந்தால் மேலே போகலாம்.

விசாரணைக்குக் கூப்பிடும்போது பையனைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். பதில்களை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். நான் கூடப் போன ஒரு விசாரணையில் அதிகாரி அப்பாவைக் காட்டி, “இவர் யாருப்பா?” என்று கேட்டார். பையன் மேஜை மேல் இருந்த அழைப்பு மணியை மூன்று தடவை அடித்தான். டவாலி உள்ளே ஓடி வந்தார். எல்லோரும் சிரித்து முடித்ததும் பையன் சொன்னான்: “எங்கப்பா. பஸ்ல ஜன்னல் சீட்டு தருவாரு.” அதற்கு மேல் அதிகாரி ஒன்றும் கேட்கவில்லை. பாதுகாவலர் தேவையா, எந்தக் காரியத்துக்குத் தேவை என்று குழு பார்த்தாக வேண்டும் என்கிறது சட்டம். அதனால் ‘எல்லாவற்றுக்கும்’ என்று எழுதாமல், வங்கிக் கணக்கு, உதவித்தொகை, மருத்துவம் என்று தேவையை மட்டும் எழுதுங்கள். அவன் தானே முடிவு செய்யக்கூடியதை அவனிடமே விட்டுவிடுங்கள்.

எத்தனை நாளாகும்? குழு மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது கூட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆட்சியருக்குத் தேர்தல், வெள்ளம், அமைச்சர் வருகை என்று தினம் ஒன்று இருக்கும். இந்தக் கூட்டம்தான் முதலில் தள்ளிப்போகும். சில இடங்களில் குழுவின் காலம் முடிந்தும் புதிதாக அமைக்காமல் ஃபைல்கள் அப்படியே கிடக்கும். நீங்கள் கேட்க வேண்டியது, “என் மனு என்ன ஆச்சு” என்று இல்லை. “அடுத்த கூட்டம் எந்தத் தேதி, என் மனு அந்தப் பட்டியலில் இருக்கிறதா” என்று கேளுங்கள். மனு கொடுத்த அன்றே ஒப்புகைச் சீட்டு வாங்கிவிடுங்கள். சீட்டு இல்லாத மனு கொடுக்காத மனுதான்.

ஆணை வந்ததும் ஃபிரேம் போட்டு மாட்டிவிட்டு மறந்துவிடாதீர்கள். ஆறு மாதத்துக்குள் பையன் பெயரில் என்னென்ன இருக்கிறது, யாரிடமிருந்து என்ன வர வேண்டும், யாருக்கு என்ன தர வேண்டும் என்று குழுவுக்குப் பட்டியல் தர வேண்டும், அது படிவம் சி. அப்புறம் வருடா வருடம், நிதியாண்டு முடிந்த மூன்று மாதத்துக்குள் கணக்கு, அது படிவம் டி. 2,000 ரூபாய் வரவுக்கு என்ன கணக்கு என்று தோன்றும். ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். நாளைக்குச் சொந்தத்தில் யாராவது கைநீட்டிப் பேசினால் அந்த ஒரு பக்கம்தான் காப்பாற்றும்.

உங்களுக்குப் பிறகு யார் என்று கேட்டீர்கள். ஆணை சொத்து மாதிரி வாரிசுக்கு இறங்காது. அந்த நாளில் மகள் தன் பெயருக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு, “வீட்டை எழுதிக் கொடுங்கள், ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொள்கிறோம்” என்று சில இல்லங்கள் வரும். உயிரோடு இருக்கும்போதே வீட்டை அவர்கள் பெயருக்கு மாற்றிவிடும் செட்டில்மென்ட் பத்திரம் எழுதவே எழுதாதீர்கள். அடுத்த திங்கட்கிழமை மனு கொடுக்கப் போகும்போது மகளையும் கூட்டிப் போங்கள். எந்த அறை, எந்த மேஜை, ஃபைல் எண் என்ன என்று அவருக்கும் தெரியட்டும். ஒப்புகைச் சீட்டின் ஒரு ஜெராக்ஸ் அவர் வீட்டிலும் இருக்கட்டும்.