கொரோனா கால வேலையும் ஆண்களின் மனநலமும்: கேள்வி பதில்

கேள்வி (ஆம்புலன்ஸ் ஓட்டுநர்): 2021 மே மாசம் ஆக்சிஜன் பெட் கிடைக்காம ஆஸ்பத்திரி வாசல்ல வண்டியோட காத்துக் கிடந்தோம். இன்னிக்கும் அந்த வழியா போனா கை நடுங்குது, தூக்கம் இல்ல. தானா சரியாகுமா டாக்டர்?

பதில்: தானாக ஆறுவது பெரும்பாலும் முதல் சில வாரங்களில்தான். ஒரு மாதம் தாண்டியும் நீடித்தால் சிகிச்சை தேவை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். "கை நடுங்குது" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ஆண்கள் உடம்பை மட்டும் சொல்வதால்தான் நோய் பிடிபடாமல் போகிறது. வேலையில் என்ன பார்த்தீர்கள், என்ன கனவு வருகிறது, எந்த இடத்தைத் தவிர்க்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். மனச்சோர்வு, பதற்றத்துக்குத் தரும் செர்ட்ராலின் போன்ற மாத்திரை கொடுத்தால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், நடுவில் நிறுத்தாதீர்கள். பதற்றத்தைத் தணிக்கும் அல்பிரசோலம் மாத்திரையைக் கடையில் நீங்களே வாங்கிப் போடவே வேண்டாம். பழக்கமாகிவிடும், வண்டி ஓட்டும்போது கண் சொக்கும்.

கேள்வி (ஒரகடம், தொழிற்சாலை சூப்பர்வைசர்): 2020 மார்ச்சில் டாஸ்மாக் மூடினதும், தினமும் குடிக்கிற வெல்டர் ஒருத்தர் மூணாம் நாள் "யாரோ நிக்கிறாங்க"ன்னு கத்தினார். கொரோனா பயம்னு நினைச்சோம்.

பதில்: அது பயம் இல்லை, குடி சட்டென்று நின்றதால் வருவது. கடைசிக் குடிக்குப் பின் 6 மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாளில் குழப்பம், இல்லாத உருவம் தெரிவது, காய்ச்சல். இந்தக் கட்டத்தில் உயிரே போகலாம், 108-ஐக் கூப்பிடுங்கள். காய்ச்சலைப் பார்த்துத் தொற்று என்று மட்டும் முடிவுகட்டி ஆளைத் தனியறையில் அடைப்பது பெரிய ஆபத்து. தினமும் எவ்வளவு குடிப்பார், கடைசியாக எப்போது குடித்தார் என்று டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட வேண்டியிருக்கும். அந்த வைட்டமின் குறைந்த உடம்பில் வெறும் குளுக்கோஸ் ஏறினால் மூளை பாதிக்கப்படலாம். தினமும் நிறையக் குடிப்பவர் டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

கேள்வி (மனிதவள அலுவலர்): யூனிட்டில் ஒருவர் தொற்றால் இறந்தால், எல்லாரையும் உட்கார வைத்துப் பேச வைக்கலாமா?

பதில்: வேண்டாம். கட்டாயப்படுத்தி நடந்ததை விவரிக்க வைப்பதை உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைப்பதில்லை. புதியவரோடு அனுபவசாலி ஒருவரை ஜோடி சேருங்கள். கடுமையான பணியில் இருப்பவரைச் சுழற்சியில் இலகுவான பணிக்கு மாற்றுங்கள். தனிமைப்படுத்தும் நாட்களுக்குச் சம்பளம் உண்டா என்பதை முதல் நாளே எழுத்தில் ஒட்டுங்கள். பாதித் தூக்கம் கெடுவது அதில்தான். "மனநல முகாம்" என்று போர்டு வைத்தால் ஆண்கள் எட்டிப் பார்க்க மாட்டார்கள், டீ இடைவேளையில் "தூக்கம் எப்படிண்ணே?" என்று கேட்டால் பேசுவார்கள்.

கேள்வி: வேலை போனதிலிருந்து என் வீட்டுக்காரர் "நான் இல்லாட்டி இன்சூரன்ஸ் பணமாவது வரும்"கிறார்.

பதில்: அம்மா, இது இன்றைக்கே கவனிக்க வேண்டியது. "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஆமென்றால் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்து, மாத்திரைகளை வீட்டிலிருந்து அகற்றுங்கள். கடன் கணக்கு, அறிவுரை எல்லாம் அப்புறம். அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு (டெலி மானஸ்) இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலேயே. நீங்களே முதலில் பேசி, பிறகு போனை அவரிடம் கொடுங்கள்.